பல் வெண்மையாக்கும் சிகிச்சை: பாதுகாப்பானதா? யார் செய்யலாம்? சட்டம் கூறுவது என்ன?

பங்காருபாளையம்: ஒரு மணி நேரத்தில் பற்களை வெண்மையாக்கித் தருவதாகக் கூறும் விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் நாள்தோறும் வலம் வருகின்றன. திருமணம், நேர்முகத் தேர்வு, புகைப்படப் பதிவு போன்ற தேவைகளுக்காக இந்தச் சிகிச்சையை நாடும் இளைஞர்கள் பெருநகரங்களில் மட்டுமின்றிச் சிறு நகரங்களிலும் உள்ளனர். இச்சிகிச்சை பற்களைப் பாதிக்குமா, இதனைச் செய்யும் தகுதி யாருக்கு உண்டு, தவறு நேர்ந்தால் எங்கு முறையிடலாம் ஆகிய கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுத்து அளிக்கப்படுகின்றன.

சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பங்காருபாளையம் போன்ற ஊர்களில் வசிப்போருக்கு இக்கேள்விகள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி அமைந்த பகுதி இது. சிகிச்சைக்காகச் சித்தூர், திருப்பதி செல்வோரும் உண்டு. வேலூர், பெங்களூரு செல்வோரும் உண்டு. பல் மருத்துவர்களின் பதிவேடு மாநிலவாரியாகப் பராமரிக்கப்படுவதால், எங்கு சிகிச்சை பெறுகிறோம் என்பதைப் பொறுத்து விவரங்களைச் சரிபார்க்கும் இடமும் மாறுகிறது.

கறைகள் எத்தனை வகை?

பற்களில் தோன்றும் நிறமாற்றம் இரண்டு வகைப்படும். தேநீர், காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியவற்றால் பல்லின் மேற்பரப்பில் படிவது புறக்கறை. பல் மருத்துவர் செய்யும் ஸ்கேலிங் எனப்படும் காறை அகற்றும் முறையிலேயே இதன் பெரும்பகுதி நீங்கிவிடும். இதற்கு வெண்மையாக்கும் வேதிப்பொருள் தேவைப்படாமலும் போகலாம்.

பல்லின் உள்ளடுக்கிலேயே ஏற்படுவது அகக்கறை. வயது முதிர்வு, அடிபட்டுப் பல்லின் உயிர்த்திசு அழிதல், குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை உட்கொண்டது, குடிநீரில் அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. திடீரென ஒரே ஒரு பல் மட்டும் கறுத்தால், அது வேர்ப்பகுதிப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும். அதனை வெண்மையாக்க முனைவது நோயை மறைப்பதில் முடியும்.

ஃபுளோரைடு கறை: தென்னிந்தியாவின் பழைய சிக்கல்

பல் நிறமாற்றம் குறித்துப் பேசும்போது தென்னிந்தியாவில் ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தவிர்க்க இயலாது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருப்பதை 1937-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். மனிதர்களிடையே ஃபுளோரோசிஸ் குறித்து இந்தியாவில் வெளியான தொடக்ககால ஆய்வுகளில் அது முக்கியமானது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் நெடுங்காலம் பாதிக்கப்பட்டன. ஜப்பானின் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் அங்கு நிறைவேற்றப்பட்டதற்கு இதுவே காரணம்.

குடிநீரில் ஃபுளோரைடின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் இந்த அளவுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால் வெண்புள்ளிகள், மஞ்சள் அல்லது பழுப்புப் பட்டைகள் எனாமலில் நிலைத்துவிடும். பற்பசையாலோ பற்பொடியாலோ இவை நீங்குவதில்லை. மேலடுக்கை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுத்தல், பிசின் ஊடுருவச் செய்தல், வெண்மையாக்கல் ஆகியவற்றைப் பாதிப்பின் தன்மைக்கேற்பத் தனித்தனியாகவோ சேர்த்தோ பல் மருத்துவர்கள் மேற்கொள்கின்றனர்.

சிகிச்சை செயல்படும் விதம்

வெண்மையாக்கும் சிகிச்சையின் அடிப்படைப் பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது அதனை வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. இது எனாமலை ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கிறது. 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு இணையானது. விளம்பரங்களில் காணப்படும் சதவீதங்களை ஒப்பிடும்போது எந்தப் பொருளின் சதவீதம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் செய்யும் முறையில் பொதுவாக 25 முதல் 40 சதவீதம் வரை செறிவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்தப்படுகிறது. இச்செறிவில் அது ஈறு, உதடு, கண் ஆகியவற்றைப் புண்ணாக்க வல்லது. எனவே ஈறுகளின் மீது பாதுகாப்புப் பூச்சு இட்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிவித்த பின்னரே சிகிச்சை தொடங்கப்பட வேண்டும்.

இரண்டாவது முறையில், நோயாளியின் பல்வரிசைக்கு ஏற்ப அச்செடுத்துச் செய்யப்படும் உறையில் செறிவு குறைந்த களிம்பை இட்டு, வீட்டிலேயே சில வாரங்கள் அணிந்துகொள்ளலாம். இம்முறை 1989-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர்களால் ஆய்விதழில் விவரிக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது. இதில் பலன் மெதுவாகக் கிடைக்கும். எனினும் கூச்சத்தைக் கட்டுக்குள் வைப்பது எளிது.

பக்க விளைவுகள்

பல் கூச்சமும் ஈறு எரிச்சலும் பரவலாகக் காணப்படும் பக்க விளைவுகள். முறையாகச் செய்யப்பட்ட சிகிச்சையில் இவை பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். சொத்தை, விரிசல், ஈறு நோய் ஆகியவை கவனிக்கப்படாத நிலையில் செய்தால் வேதிப்பொருள் பல்லின் உள்திசுவை எட்டிக் கடும் வலியை உண்டாக்கும். அடிக்கடி அல்லது அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்துவது எனாமலைப் பாதிக்கக்கூடும்.

சிகிச்சையின் எல்லைகளையும் அறிந்திருத்தல் நலம். இயற்கைப் பற்கள் மட்டுமே நிறம் மாறும். பல் நிறத்தில் அடைத்த சிமென்ட், கேப், செயற்கைப் பல் ஆகியவற்றின் நிறம் மாறாது. முன்பல்லில் கேப் அணிந்திருப்பவர் பக்கத்துப் பற்களை மட்டும் வெண்மையாக்கினால் நிற வேறுபாடு பளிச்செனத் தெரியும். பலனும் நிரந்தரமன்று; தேநீர், புகையிலைப் பழக்கம் தொடர்ந்தால் கறை விரைவில் திரும்பும். 18 வயது நிறைவடையாதோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் இதனைத் தவிர்க்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றனர்.

எலுமிச்சை, கரி, சமையல் சோடா

எனாமல் கரையத் தொடங்கும் அமிலத்தன்மை ஏறக்குறைய 5.5 பி.எச். அளவாகும். எலுமிச்சைச் சாறு இதைவிடப் பன்மடங்கு அமிலத்தன்மை கொண்டது. அதனைப் பல்லில் தேய்க்கும்போது முதலில் தோன்றும் பளபளப்புக்கு விலையாக எனாமலே அரிக்கப்படுகிறது. ஒருமுறை இழந்த எனாமலை உடல் மீண்டும் உருவாக்குவதில்லை. அது தேயத் தேய அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் வெளித்தெரியும். வெண்மை வேண்டித் தேய்த்தவரின் பல் மேலும் மஞ்சளாவது இதனால்தான்.

அடுப்புக்கரி, சாம்பல், செங்கல் தூள் கொண்டு பல் துலக்கும் வழக்கம் கிராமங்களில் முன்பு பரவலாக இருந்தது. இன்று அதே கரி அழகிய குழாய்களில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது. கரி கலந்த பற்பசைகளின் பாதுகாப்புக்கும் பலனுக்கும் போதிய சான்று இல்லை என 2017-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது.

புகையிலை கலந்த பற்பொடி, பற்பசை ஆகியவற்றுக்கு மத்திய அரசு 1992-ஆம் ஆண்டில் தடை விதித்தது. அத்தடை செல்லும் என உச்ச நீதிமன்றம் 1997-இல் உறுதி செய்தது.

இந்தியச் சட்டங்கள்

பல் வெண்மையாக்கலுக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. வெவ்வேறு சட்டங்களைச் சேர்த்துப் பார்த்தே விடை காண வேண்டியுள்ளது.

பல் மருத்துவர்கள் சட்டம், 1948, மனிதப் பற்கள், தாடைகள் மீது செய்யப்படும் எந்த அறுவைச் செயல்பாட்டையும், அவற்றின் நோய், குறைபாடு, புண் ஆகியவற்றுக்கான சிகிச்சையையும், அதனையொட்டி மயக்க மருந்து அளிப்பதையும் பல் மருத்துவம் என வரையறுக்கிறது. பதிவு பெறாதோர் பல் மருத்துவத் தொழில் செய்வதை அச்சட்டம் குற்றமாக்கியது. அதற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் வெண்மையாக்கல் என்ற சொல் நேரடியாக இடம்பெறவில்லை. நோய் எதுவும் இல்லை, இது வெறும் அழகுப் பணியே என்று வாதிடும் அழகு நிலையங்களுக்கு இவ்விடைவெளி இடமளிக்கிறது. ஆயினும் செறிவு மிகுந்த வேதிப்பொருளைப் பல்லில் இடுவதற்கு முன் சொத்தை, ஈறு நோய், விரிசல் ஆகியவை உள்ளனவா எனக் கண்டறிய வேண்டும். அந்தப் பரிசோதனை பல் மருத்துவரின் பணி என்பதில் ஐயமில்லை.

கடைகளில் விற்கப்படும் பற்பசைகள் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940, அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020 ஆகியவற்றின் கீழ் வருகின்றன. பற்பசையில் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், அதன் அளவு குழாயிலும் அட்டைப் பெட்டியிலும் குறிக்கப்பட வேண்டும் என்பதும் விதி.

தனியார் மருத்துவ நிலையங்கள் ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

பிற நாடுகளின் நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அக்டோபர் இறுதி முதல் தெளிவான வரம்பு நடைமுறையில் உள்ளது. 0.1 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருட்களை எவரும் வாங்கலாம். அதற்கு மேல் 6 சதவீதம் வரை உள்ளவற்றைப் பல் மருத்துவர் வழியாகவே பெற முடியும். ஒவ்வொரு சுற்றின் முதல் பயன்பாடும் அவரது மேற்பார்வையில் அமைய வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இவை அளிக்கப்படக் கூடாது. பல் வெண்மையாக்கல் பல் மருத்துவத் தொழிலே என 2013-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் வழக்கு வேறு திசையில் சென்றது. வடக்கு கரோலினா மாநிலப் பல் மருத்துவ வாரியம், பல் மருத்துவர் அல்லாதோர் வெண்மையாக்கும் சேவை அளிப்பதை நிறுத்துமாறு கடிதங்கள் அனுப்பியது. இது தொழிற்போட்டியை முடக்கும் செயல் என மத்திய வர்த்தக ஆணையம் கருதியது. தொழில் புரியும் பல் மருத்துவர்களே பெரும்பான்மையாக உள்ள வாரியத்துக்கு அரசின் நேரடி மேற்பார்வை இல்லாமல் சட்ட விலக்கு கிடையாது என 2015 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சிகிச்சை பாதுகாப்பானதா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

எச்சரிக்கையாக அமைந்த நிகழ்வுகள்

ஹைதராபாத் ஜூபிலி ஹில்ஸ் பகுதியில் உள்ள தனியார் பல் மருத்துவ நிலையத்தில் 2024 பிப்ரவரியில் புன்னகை சீரமைப்புச் சிகிச்சைக்குச் சென்ற 28 வயது இளைஞர் உயிரிழந்தார். மயக்க மருந்து அளவுக்கு மிஞ்சியதே காரணம் எனக் குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். காவல் துறை வழக்குப் பதிவு செய்தது. அழகுக்காகச் செய்யப்படுவதாயினும் மயக்க மருந்து தேவைப்படும் எந்தச் சிகிச்சையும் மருத்துவச் சிகிச்சையே என்பதை இந்நிகழ்வு நினைவூட்டியது. வழக்கமான வெண்மையாக்கலுக்கு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. அது தேவை எனக் கூறப்பட்டால், செய்யவிருப்பது என்ன என்பதைக் கேட்டறிய வேண்டும்.

கருவிகளின் தூய்மையும் உயிர் காக்கும் அம்சமாகும். தமிழ்நாட்டின் வாணியம்பாடியில் 2023-ஆம் ஆண்டில் பல் மருத்துவ நிலையம் ஒன்றில் தொற்றிய பாக்டீரியா மூளையைத் தாக்கி 8 பேர் உயிரிழந்ததை, லான்செட் குழும இதழில் 2025-இல் வெளியான ஆய்வு விவரித்தது. உப்புநீர்ப் புட்டியைத் திறக்கச் சுத்திகரிக்கப்படாத கருவி பயன்படுத்தப்பட்டதே தொற்றுக்கு வழிவகுத்ததாக அவ்வாய்வு சுட்டிக்காட்டியது. இது வெண்மையாக்கும் சிகிச்சையால் நேர்ந்ததன்று. ஆயினும் வாயினுள் கருவி செல்லும் எந்த நிலையத்துக்கும் பொருந்தும் பாடம் இதில் உள்ளது.

சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டியவை

சிகிச்சை அளிப்பவரின் பதிவு எண்ணைக் கேட்டு, அந்தந்த மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பயன்படுத்தப்படும் வேதிப்பொருளின் பெயர், செறிவு, காலாவதி நாள் ஆகியவற்றைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. முன்பரிசோதனை இன்றி உடனே தொடங்க முன்வருவோரைத் தவிர்ப்பது நலம். கட்டண ரசீதையும் சிகிச்சைக்கு முன், பின் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்த வேண்டும்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதோர் கடப்பை, விஜயவாடா, சென்னை ஆகிய இடங்களில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனையும் ஆலோசனையும் பெறலாம்.

முறையிடும் வழிகள்

கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என 1995-ஆம் ஆண்டு சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கவனக்குறைவால் பாதிக்கப்பட்டோர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருத்துவரின் தொழில்நெறி மீறல் குறித்து மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் அளிக்கலாம்.

தவறான விளம்பரங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுக்க முடியும். உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பதாகக் கூறிய சென்சோடைன் பற்பசை விளம்பரங்களுக்காக 2022-இல் அந்நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பெரிய நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பொருந்திய அதே சட்டம், உடனடி வெண்மைக்கு உத்தரவாதம் அளிக்கும் உள்ளூர் விளம்பரத்துக்கும் பொருந்தும்.