தட்டம்மைத் தடுப்பூசித் தவணைகளும் திருப்பூரும்

தட்டம்மை காற்றின் வழியே பரவும் தீநுண்ம நோயாகும். இது மணல்வாரி எனவும் வழங்கப்படுகிறது. இந்தியாவில் இதற்கான தடுப்பூசி 9 முதல் 12 மாதத்திற்குள் ஒரு முறையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறுமுறையும் போடப்படுகிறது.

வயது வரையறையின் வரலாறு

தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் குழந்தையைச் சில மாதங்கள் காக்கின்றன. அவை மிகுந்திருக்கும்போது ஊசி போட்டால், அதிலுள்ள வலுக்குறைந்த தீநுண்மத்தையும் அவை செயலிழக்கச் செய்துவிடும். காலம் தாழ்த்தினாலோ நோய் முந்திக்கொள்ளும். அமெரிக்காவில் 1963-இல் தடுப்பூசி அறிமுகமானபோது 9 மாதம் என்று இருந்த வயது, 1965-இல் 12 மாதமாகவும் 1976-இல் 15 மாதமாகவும் உயர்த்தப்பட்டது.

நோய்ப் பரவல் மிகுந்த இந்தியாவால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியவில்லை. 1985-இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் 9 மாதத்தில் ஒரு தவணை சேர்க்கப்பட்டது. அந்த வயதில் ஊசி பெறும் குழந்தைகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்கே எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. பரவலைத் தடுக்கவோ சுமார் 95 விழுக்காட்டினருக்கு அது தேவை. ஆகவே 2010-இல் இரண்டாம் தவணை அறிமுகமானது. தமிழ்நாட்டில் அது வழக்கமான அட்டவணையிலேயே சேர்ந்தது. முதல் தவணை பெற்றோர் குறைவாக இருந்த பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில் முதலில் சிறப்பு முகாம்கள் நடத்தப்பட்டன. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மை-ரூபெல்லா கூட்டுத் தடுப்பூசி முகாம் தொடங்கியது.

திருப்பூரின் நிலை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா முதலிய மாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். இரு தவணைகளுக்கும் இடையே பல மாதங்கள் உள்ளன. சொந்த ஊரில் முதல் ஊசி போட்ட குழந்தை, இரண்டாம் ஊசிக்குரிய காலத்தில் திருப்பூரின் லைன் வீடொன்றில் இருக்கலாம். திருப்பூரில் பிறந்த குழந்தை அப்போது ஊர் திரும்பியிருக்கலாம். இரு ஊர்ப் பதிவேடுகளிலும் அக்குழந்தை விடுபட வாய்ப்புண்டு. அடுத்தடுத்து வீடுகள் நெருங்கிய பகுதியில் இத்தகைய குழந்தைகள் சிலர் இருந்தாலே நோய் எளிதில் பரவும்.

விடுபட்டவர்களுக்கு

தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஐந்து வயது வரை, தவணைகளுக்கிடையே குறைந்தது ஒரு மாத இடைவெளியுடன், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். எந்த மாநிலத்தில் தரப்பட்டதாயினும் தடுப்பூசி அட்டையைப் பாதுகாத்து உடன் கொண்டுவருவது விடுபட்ட தவணையை அறிய உதவும்.