அசலும் அயலும்

பாலையூற்றைச் சூழ்ந்த திருகோணமலைச் சீமையிலே பாலை, முதிரை, வீரை முதலிய வைரம் பாய்ந்த மரங்களை அரிகின்றவர்கள், தம் சங்கிலிவாளின் உறுப்பொன்று தேய்ந்துவிட்டால், யந்திரத்தைச் செய்த கம்பெனியாரின் ‘ஒறிஜினல்’ சாமானைக் கூடிய விலைக்கு வாங்குவதா, பிறர் வார்த்த மலிவுச் சாமானால் காரியத்தை முடிப்பதா என்று மயங்குவது இக்காலத்துக்கே உரிய சங்கடமாகத் தோன்றினும், திருகோணமலைத் துறைமுகம் அதற்கு நிகரானதொரு சங்கடத்தை 1782ஆம் ஆண்டிலேயே கண்டிருக்கிறது.

அவ்வாண்டு ஜூலை மாதம் நாகபட்டினத்துக்கு அப்பாற் கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸோடு பொருது கப்பல்கள் சிதைந்த நிலையிற் கடலூர் சேர்ந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென், சிறு கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரியவற்றுக்கு நிறுத்தியும், கரையிலிருந்த வீடுகளைப் பிரித்தெடுத்த மரத்தால் கப்பலுடல்களைச் செப்பனிட்டும், ஆகஸ்டு முடிவதற்குள் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆந் தேதி மீண்டும் நிகழ்ந்த போரில் அவருடைய தலைமைக் கப்பலாகிய ‘எரோ’ பாய்மரம் இழந்தது; அது போதாதென்று, துறைமுகத்துக்குத் திரும்பும்போது ‘ஒரியான்’ என்னும் 74 பீரங்கிக் கப்பல், காவலிலிருந்த அதிகாரியின் அசிரத்தையாலே தரைதட்டி அழிந்தது. அழிந்த கப்பலின் பாய்மரங்கள் மட்டும் தப்பின. அவற்றையே மரமிழந்த கப்பல்களில் நாட்டி, மற்றக் குறைகளைச் சிறு போர்க்கப்பல்களிலிருந்து கழற்றியெடுத்தவற்றால் நிரப்பி, அம்மாத முடிவில் அவர் மீண்டும் கடலேறச் சித்தமானார். பிரான்சு தேசத்துக் கிடங்கிலிருந்து வரவேண்டிய மரங்களுக்காகக் காத்திருந்தாராயின், வாடைக்காற்று அவரை முந்திக்கொண்டிருக்கும். ‘எரோ’வும் 74 பீரங்கிக் கப்பலே என்பதை மறக்கலாகாது, அயற்கப்பலின் மரம் அதற்கு உதவியது, அளவும் தாங்கவேண்டிய பாரமும் ஏறக்குறைய ஒத்திருந்தமையாலேயே.

சங்கிலிவாளின் சரித்திரமும் இதற்கு மாறானதன்று. ஜெர்மனியிலே அந்திரேயாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தாலும் 1929இல் பெற்றோலாலும் இயங்கும் வாள்களை உண்டாக்கினாரெனினும், இன்று உலகெங்கும் வழங்கும் சங்கிலிப் பல்லின் வடிவத்தைத் தந்தவர் யந்திரம் செய்தவரல்லர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் அரிந்து பிழைத்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946இல் மரக்கட்டையைக் குடையும் வண்டுப்புழுவின் தாடை இருபுறமும் சீவிச் செல்வதை உற்றுநோக்கி, அவ்விதமே வெட்டும் சங்கிலியொன்றைச் சமைத்தார். அவர் தொடங்கிய ஸ்தாபனம் பிற்காலத்தில் வாள் செய்யும் கம்பெனிகளுக்கும் சங்கிலி வழங்கியதாகையால், யந்திரத்தோடு பெட்டியில் வரும்போது ‘ஒறிஜினல்’ எனப்பட்ட அதே சங்கிலி, தனியே கடையில் தொங்கும்போது வெளிச்சாமான் ஆயிற்று! நம்மவர் வெளிச்சாமான் என்ற அளவிலேயே முகஞ்சுளிப்பதை நான் ஒப்புவதில்லை.

ஆனால் புகழ்பெற்ற கம்பெனியின் முத்திரையைப் பொய்யாகப் பொறித்துவரும் போலி வேறு. தன் பெயரைச் சொல்லியே விற்கும் வெளிச்சாமான் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதாலேயே பலர் ஏமாறுகின்றனர். சங்கிலியைப் பொறுத்தமட்டில், அடுத்தடுத்த மூன்று தறையாணிகளுக்கிடைப்பட்ட தூரத்தை இரண்டாற் பகுத்துவரும் அளவும், சங்கிலியைத் தாங்கும் ‘பார்’ என்னும் தகட்டின் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிப்பும் யந்திரத்துக்குப் பொருந்தி, உருக்கும் நல்லதாயின், பெயரைப் பற்றிக் கவலையில்லை. பிஸ்டனும் சிலிண்டரும் அவ்வளவு எளியனவல்ல: சிலிண்டரின் உட்பூச்சு மட்டமானதென்று கண்ணாற் காண்பதரிது, பாலை மரத்தின் வைரத்தோடு நாள்முழுதும் போராடுகையில் உரிந்து பிஸ்டனைக் கீறிய பின்னரே அது தெரியவரும். வாள் எதிரே துள்ளியெழும் கணத்தில் சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும், அறுந்த சங்கிலியைத் தடுக்கும் சிறு கொக்கியும் மரம் அரிவதற்கு உதவுவனவல்ல, அரிபவனின் பிராணனைக் காப்பன. அவற்றை மட்டும் எவ்வளவு விலையாயினும் கம்பெனியாரிடமே வாங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.