பத்துக்கொத்தும் கொத்துச் சாவியும்: கோயிலொழுகு காட்டும் திருவரங்கப் பணிமுறை

திருவரங்கக் கோயிலின் வரலாற்றுப் பதிவான கோயிலொழுகில் இராமானுசர் வரும் பகுதியை ஆய்வாளர் இரு விதமாகப் படித்து வருகின்றனர். ஐந்து கொத்தாக (பணிக்குழுவாக) இருந்த திருவரங்கத்துப் பணியாளரை அவர் பத்துக் கொத்தாக விரித்தார். பிராமணரல்லாதாரையும் பணிக்குள் கொண்டுவந்தார். ஆகவே அவர் காலத்தை மீறிய சமத்துவ நிர்வாகி என்பது ஒரு சாரார் முடிவு. 2017இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டபோதும், 2022 பிப்ரவரியில் ஐதராபாத் அருகே முச்சிந்தலில் 216 அடிச் சிலை திறக்கப்பட்டபோதும் இந்த முடிவே மேடைதோறும் ஒலித்தது. மேலாண்மைப் பயிலரங்குகளிலும் இப்போது அதற்கு நல்ல கிராக்கி. மறு சாராரோ, ஒழுகு பல கைகள் பட்ட பிற்காலத் தொகுப்பு, அதை நம்பிப் பன்னிரண்டாம் நூற்றாண்டைப் பேசலாகாது என்று கதவைச் சாத்திவிடுகின்றனர்.

பத்துக்கொத்துப் பட்டியல் யாருக்குப் பயன்பட்டது என்பதை இரு சாராரும் கேட்கவில்லை. ஒரு தலைவர் உட்கார்ந்து வகுத்த திட்டமாக எனக்கு அது தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பணியாளர்கள் தத்தம் இடத்தை உறுதிசெய்துகொண்ட பதிவாகவே தோன்றுகிறது. எழுதப்பட்ட இடத்தைப் பின்னால் வரும் எந்த அதிகாரியும் பறித்துவிடக் கூடாது என்பதற்காக அதன்மீது இட்ட முத்திரைதான் இராமானுசர் பெயர். இது நிறுவப்பட்ட முடிபு என்று நான் சொல்லவில்லை. ஆயினும் பட்டியலின் உள்ளமைப்பு வேறு எந்த விளக்கத்துக்கும் எளிதில் வளைந்துகொடுக்கவில்லை.

பட்டியலையே பார்ப்போம். முன்பிருந்தவையாக ஒழுகு சொல்லும் ஐந்து கொத்துகள் கோவணவர், கொடவர், கொடுவாளெடுப்பார், பாடுவார், தழையிடுவார் ஆகியவை. பெரும்பாலும் செய்யும் வேலையைக் கொண்டே வந்த பெயர்கள். இராமானுசர் வகுத்தனவாகச் சொல்லப்படும் பத்தின் கதை வேறு. திருப்பதியார், திருப்பணிசெய்வார், பாகவத நம்பியார், உள்ளூரார், விண்ணப்பம்செய்வார், திருக்கரகக்கையார், தானத்தார், பட்டாள்கொத்து, ஆரியபட்டாள், தாசநம்பிகள் என்று அந்த வரிசை போகிறது. விண்ணப்பம்செய்வாரும் திருக்கரகக்கையாரும் தொழிலால் பெயர் பெற்றவர்கள். உள்ளூரார் இருப்பிடத்தால் பெயர் பெற்றவர்கள். வடக்கிலிருந்து வந்து வாசற்காவல் ஏற்றவர்கள் என்று மரபு சொல்லும் ஆரியபட்டாள், வந்த திசையால் அறியப்படுகிறார்கள். கோயிலில் அவர்கள் பெயரால் ஒரு வாசலே இருக்கிறது. தானத்தார் என்பது அதிகாரத்தின் பெயர். தாசநம்பிகள் என்பது அடிமைத்திறத்தின் பெயர். பூத்தொண்டோடு தொடர்புடைய சாத்தாத வைணவர் அவர்கள். இந்தப் பத்துக்கும் அப்பால், கைத்தொழிலாளர், வாத்தியக்காரர், வெளுப்போர், ஆடல்மகளிர் முதலியோரையும் ஒழுகு தனியே கொத்துகளாக அடுக்குகிறது.

ஒரே மனிதர் ஒரே முறை உட்கார்ந்து ஒரு பணியிடத்தைப் பகுத்திருந்தால் ஏதேனும் ஓர் அளவுகோல் நின்றிருக்கும்: வேலை, அல்லது குலம், அல்லது குடியிருப்பு. இங்கே ஐந்து அளவுகோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆற்றுப்படுகையை வெட்டிப் பார்த்தால் மணலும் வண்டலும் களியும் எந்தெந்த வெள்ளத்தில் வந்தன என்று படுகையே சொல்லும். இந்தப் பட்டியலும் அப்படியே. உள்ளூரார் என்று ஒரு கூட்டத்துக்குப் பெயரிட வெளியூரார் ஒரு கூட்டம் வந்திருக்க வேண்டும். வந்தவர்களும் பழையவர்களும் இடத்துக்காக மோதி, மோதலின் முடிவில் இருவருக்கும் இடம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் சிரித்துக்கொண்டு நிற்கும் சமத்துவத்துக்கு அடியில் நீண்ட பேரம் ஒன்று இருக்கிறது.

அந்தப் பேரத்தை ஒழுகு மறைக்கவும் இல்லை. கொத்துச் சாவி கைமாறிய நிகழ்ச்சியை நம் துறையில் பலரும் பக்திக்கதை என்று தாண்டிப் போகிறார்கள். நானோ நூலிலேயே மிகவும் நேர்மையான இடம் அதுதான் என்பேன். சாவியும் புரோகிதமும் பெரியகோயில் நம்பி கையில் இருந்தன. அவர் புதியவரின் நிர்வாகத்துக்கு இணங்கவில்லை. அவரை விலக்கிவிடலாமா என்று இராமானுசர் எண்ணியதாகவும், நெடுநாள் தொண்டரை விலக்குவதற்குப் பெருமாள் திருவுள்ளம் இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டதாகவும் மரபு சொல்கிறது. பிறகு நம்பியை இணங்கச் செய்யும் பொறுப்பு இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வானிடம் போகிறது. ஆழ்வான் நம்பியோடு பழகுகிறார், அவருக்குக் கற்பிக்கிறார், நம்பியின் தாயார் இறந்தபோது பதினோராம் நாள் சடங்கில் யாரும் எளிதில் ஏற்காத இலையில் தாமே அமர்கிறார். உண்டு முடித்தவரிடம் திருப்தியா என்று கேட்பது அந்தச் சடங்கின் முறை. கோயிலின் சாவியைக் கொடுத்தால் திருப்தி என்கிறார் ஆழ்வான். சாவி கைமாறுகிறது. நம்பி திருவரங்கத்தமுதனாராகி, இராமானுச நூற்றந்தாதி பாடுகிறார். திவ்வியப் பிரபந்தத்தின் இயற்பாவைச் சேவிக்கும் உரிமை அவருக்கு வந்து சேர்கிறது. நிர்வாகப் பொறுப்பு இன்னொரு சீடரான முதலியாண்டானிடம் போகிறது.

இதைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாக மேற்கோள் காட்டுவோர் இராமானுசரின் பொறுமையைப் புகழ்கிறார்கள். கதையை நிதானமாகப் படித்தால், வேலை முழுவதையும் செய்பவர் வேறொருவர். தலைவரின் முதல் எண்ணமோ ஆளை மாற்றுவது. மேலும் சாவியை இழந்தவர் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. அவருக்கு வேறோர் இடம், அதுவும் மரியாதைக்குரிய இடம், உண்டாக்கப்பட்டது. அந்த இயற்பா உரிமையும் புதிதாக முளைத்ததில்லை. அதுவரை வைத்திருந்த அரையரிடமிருந்து கேட்டுப் பெற்றுக் கொடுக்கப்பட்டது என்பதே மரபு. ஒருவருக்கு இடம் தர இன்னொருவர் இடத்தில் ஒரு பங்கு குறைந்தது என்பதை ஒழுகை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களை மேற்கோள் காட்டுவோர்தான் அதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே மூலத்தின் சார்பையும் சொல்லியாக வேண்டும். முதலியாண்டான் வழிவந்த கந்தாடையாரும், பெரியாழ்வார் வழியினராகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் உத்தமநம்பிகளும் விசயநகரக் காலத்தில் கோயிலில் பெருஞ்செல்வாக்கோடு இருந்தவர்கள். ஒழுகின் வெவ்வேறு பகுதிகளில் இவர்கள் பெருமை தனித்தனியே ஓங்குகிறது. முதலியாண்டானுக்கு ஸ்ரீகார்யம் (கோயில் நிர்வாகம்) தரப்பட்டது என்ற வரி, பின்னாளில் ஸ்ரீகார்யம் கோரிய ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. நூலைத் தள்ளிவிட இது போதாதா என்று கேட்கப்படும். போதாது. சார்பு இருக்கிறது என்பதனாலேயே அது எனக்குச் சான்றாகிறது. பெருங்குடும்பங்கள் தங்களுக்காக வளர்த்த ஒரு நூலில் தாசநம்பிகளும் வெளுப்போரும் ஏன் இருக்கிறார்கள்? தங்கள் பெயரும் இராமானுசர் ஏற்பாட்டுக்குள் வர வேண்டும் என்று அவர்களும் விடாமல் நின்றிருக்க வேண்டும். எழுதியவர்களால் அதை மறுக்க முடியாமற்போயிருக்க வேண்டும்.

கல்வெட்டுகள் இந்த வாசிப்புக்கு இடையூறு செய்யவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதி (1982) திருவரங்கத்துக் கல்வெட்டுகளை ஓரிடத்தில் தந்திருக்கிறது. முதற் குலோத்துங்கன் காலத்தவை (1070–1120) அவற்றில் கணிசமானவை. மரபு இராமானுசருக்குத் தரும் 1017–1137 என்ற காலத்தோடு அவை நேராகப் பொருந்துகின்றன. பணியாளரை மாற்றியமைத்த நிர்வாகியாக அவர் அவற்றில் தென்படவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஒரிசா நாட்டு ஒட்டர் கோயிலைப் பிடித்திருந்தபோது அவர்களோடு ஒத்துப்போன நிர்வாகத்தை மாற்றியமைத்த செய்தியைத் தருகிறது. நெருக்கடி வரும், கோயிலார் கூடுவார்கள், பொறுப்பை மறுபடி பங்கிடுவார்கள். இப்படி ஒருமுறை மட்டும் நடந்திருக்காது. அந்த மறுபங்கீடுகள் எல்லாவற்றையும் ஒழுகு ஒரே பெயரின் கீழ்த் திரட்டிவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

கோயிலைப் பணியிடம் என்பதே இன்றைய சொல்லை அன்றைக்கு ஏற்றுவது என்று ஒரு மறுப்பு உண்டு. முறை, கணக்கு, பிரசாதப் பங்கு, தவறினால் தண்டனை எல்லாம் உள்ள இடத்தை வேறு எப்படி அழைப்பது என்று மறுப்பவர்கள் சொல்லட்டும்.

கனமான மறுப்பு இன்னொன்று. குருபரம்பரை நூல்கள் இராமானுசரின் நேரடிச் செயல்களாகச் சொல்பவற்றை என்ன செய்வது? உறையூர் மல்லர் உறங்காவில்லிதாசரும் அவர் மனைவி பொன்னாச்சியாரும் திருவரங்கத்துக்கு வந்தார்கள். காவிரிக்கு நீராடப் போகும்போது முதலியாண்டான் கையையும், நீராடித் திரும்பும்போது உறங்காவில்லி கையையும் இராமானுசர் பற்றிக்கொண்டார். இந்தக் கதையை நான் மறுக்கவில்லை. மறுக்க ஆதாரமும் இல்லை. மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஒரு தலைவர் ஒருவர் கையைப் பற்றுவது அந்தத் தலைவர் உள்ளவரைக்கும்தான். இதையும் அதே மரபு காட்டுகிறது. சோழன் பகைக்கு அஞ்சி இராமானுசர் மேல்நாடு (மைசூர்ப் பகுதி) சென்றிருந்த காலத்தில், கண்ணிழந்து திரும்பிய கூரத்தாழ்வானை அரங்கன் வாசலில் காவலர் தடுத்தார்கள். இராமானுசர் தொடர்புடையாரை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. ஆழ்வான் நல்லவர், விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னதும், அந்தச் சலுகையில் நுழைய ஆழ்வான் மறுத்துவிட்டார். சாவியை வாங்கித் தந்தவருக்கே அந்த வாசலில் இடமில்லாமற்போனது. அவர் பெயர் எழுதப்பட்ட முறையில் இல்லை. ஒருவரின் அன்பில் மட்டும் இருந்தது. இந்தக் கதையைத் தலைமுறைகள் சொல்லிக்கொண்டே வந்ததும், எல்லாரும் ஒழுகில் இடம்பெறத் துடித்ததும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுதப்பட்ட இடம் யாருக்கு எவ்வளவு வலிமை தந்தது என்பதற்கு ஒழுகு மரபிலேயே இன்னொரு காட்சி. 1323இல் தில்லி இளவரசன் உலூக்கானின் படையெடுப்பின்போது வெளியேறிய உற்சவர் 1371இல் விசயநகரப் படைத்தலைவன் கோபணார்யனால் திரும்ப எழுந்தருளப்பண்ணப்பட்டார். இடையில் வேறோர் உற்சவர் கோயிலில் அமைந்துவிட்டார். பழையவர் எவர் என்று சொல்ல ஆளில்லை. கண் தெரியாத முதிய ஈரங்கொல்லி (வெளுப்பவர்) ஒருவர், திருமஞ்சனத்து ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொண்டே இவரே நம்பெருமாள் என்று அறிவித்தார் என்பது கதை. அவர் சொல்லைத் தானத்தாரும் பட்டர்களும் ஏற்றார்கள். கதை நடந்ததா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ஐம்பது ஆண்டுப் பணி நினைவின் கடைசிச் சாட்சியாக வெளுப்பவரை நிறுத்த ஒழுகுக்குக் கூச்சம் இல்லை என்பதே செய்தி. கொத்தில் அவர் இருந்ததால்தான் அவர் சொல் அவையேறியது. கொத்துக்கு வெளியே நின்றவர் என்ன சொல்லியிருந்தாலும் கேட்க ஆள் இருந்திருக்காது.

இந்த ஏற்பாட்டின் மறுபுறமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பறிக்க முடியாத இடம் என்றால் பகிர முடியாத இடமும்தான். பேரத்தால் நுழைந்தவர்கள் நுழைந்ததும் கதவை அடைத்துக்கொண்டார்கள், கொத்து மிராசானது. பட்டியலில் இல்லாதவருக்கு, எத்தனை தகுதி இருந்தாலும், வாசலே கிடையாது. இராமானுசரைச் சமத்துவ நிர்வாகியாகக் கொண்டாடுவோர் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. மேல்கோட்டையில் ஒடுக்கப்பட்ட திருக்குலத்தாருக்கு ஆண்டில் மூன்று நாள் அனுமதி என்ற ஏற்பாட்டையும் அவர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள். மற்ற நாட்களின் எண்ணிக்கையை யாரும் சொல்வதில்லை.

பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்த 1970ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமும், அது செல்லும் என்று உரைத்த 1972ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தொட்டது இந்த முடிச்சைத்தான். அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயல் என்றது நீதிமன்றம். ஆகமக் கட்டுப்பாட்டையோ அப்படியே விட்டுவைத்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்த பல சாதியினர் 24 பேருக்கு அரசு நியமன ஆணை தந்தது. 2023இல் ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியிலேயே மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். இவற்றைப் பேசுவோரில் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இராமானுசரையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். அழைக்கட்டும். ஆனால் ஒழுகை வைத்து அவர்கள் கேட்க வேண்டியது அவர் என்ன நினைத்தார் என்பதை விட, புதிதாக வருவோரின் முறையும் பங்கும் எந்த ஏட்டில் ஏறப்போகின்றன, அதை யார் திருத்த முடியும் என்பதைத்தான்.

என் வாசிப்பை உடைக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பத்துக்கொத்தின் ஒவ்வொரு பெயரும் கல்லில் முதலில் எப்போது வருகிறது என்று 24ஆம் தொகுதியிலிருந்து நிரல்படுத்த வேண்டும். பத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேர்ந்து தோன்றுமாயின் என் வாதம் விழுந்தது; ஒரே கையின் ஏற்பாடு என்போர் வென்றார்கள். உள்ளூரார், ஆரியபட்டாள், தாசநம்பிகள் ஆகிய மூன்றும் மற்றவற்றுக்குப் பின்னால், தனித்தனி நூற்றாண்டுகளில் தலைகாட்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. தாசநம்பிகளைத்தான் கடைசியாக எதிர்பார்க்கிறேன்.