எட்டுக் கலை வித்தியாசம்

நேயர்களே, படிவம் ஐந்தில் பிள்ளை படிக்கும் வீட்டில் பௌதிகக் கணக்கென்றால் எல்லோரும் அடக்கமாகிவிடுகிறோம். பிள்ளையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துப் போனால் சரியென்று மூடிவிடுகிறது. விடையே அச்சிடாத கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

ஜெர்மானிய வானியலறிஞர் கெப்ளர் 1600ஆம் ஆண்டில், பிராக் நகருக்கு அருகில் டைக்கோ பிராகி என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். செவ்வாய்க் கிரகம் செல்லும் பாதையைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலை. அப்போது தொலைநோக்கி கிடையாது. ஆனால் டைக்கோ வெறுங்கண்ணால் அளந்து எழுதியவை மிகத் துல்லியமானவை. 1601இல் டைக்கோ காலமாகவே, அக்குறிப்புகள் கெப்ளரின் கைக்கு வந்தன.

பாதை வட்டமென்று வைத்துக்கொண்டு, நான்கு அளவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். குறைந்தது எழுபது தடவை போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கணக்கிடும் கருவி ஏது? எல்லாம் கைக்கணக்கு! கடைசியில் விடை பொருந்தியது.

நாமாக இருந்தால் அங்கேயே பேனாவை மூடியிருப்போம். அவரோ கணக்கில் சேர்க்காத வேறு அளவுகளை எடுத்து ஒப்பிட்டார். எட்டுக் கலை இடித்தது. பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு.

தராசு பிழையாக இருந்தால், ஒரே வாளிப் பாலைப் பத்துத் தரம் நிறுத்தாலும் அதே பிழைதானே வரும்? போட்ட வழியிலேயே மறுபடி போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். கெப்ளர் வேறு தராசைத் தேடினார். டைக்கோதான் தவறாக அளந்தார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். டைக்கோ அவ்வளவு தவறமாட்டார் என்று அறிந்திருந்ததால், தம் கணக்கையே தள்ளிவிட்டார்.

பெற்றோர்களே, பௌதிகம் படிக்காத நாமும் பிள்ளையிடம், "வேறு வழியில் பார்த்தாயா?" என்று கேட்கலாம். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் ரம்புத்தான் தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வினாடி போதும். ஐம்பது வினாடி என்று விடை வந்தால், கிளையை அண்ணாந்து பார்த்தவர் எவரும் ஒப்பமாட்டார்.

கெப்ளர் பிறகு முட்டை வடிவத்தையும் முயன்று தோற்று, 1605இல் நீள்வட்டம் என்று கண்டார். 1609இல் அது நூலாக வந்தது. அவருடைய அட்டவணைகள் 1627இல் வெளிவந்தன. 1631 நவம்பர் 7ஆம் தேதி புதன் கிரகம் சூரியனைக் கடக்கும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். பாரிஸ் நகரில் கஸாந்தி என்ற அறிஞர் அன்று காத்திருந்து அதைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டே கெப்ளர் இறந்துவிட்டார்.