நிரந்தர வேலையும் நாட்கூலி மனிதரும்

எசலப் பெரஹரா நாட்களில் கண்டி மாநகரம் உறங்குவதில்லை. இரவெல்லாம் தீப்பந்தங்களும் யானைகளும் முரசொலியும் வீதிகளை ஆள்கின்றன. பொழுது புலரும் வேளையில் அதே வீதிகளுக்கு வேறொரு கூட்டம் வந்து சேர்கிறது. பந்தச் சாம்பலும், யானை இலத்தியும், பார்க்க வந்தோர் எறிந்துவிட்டுப் போன எச்சங்களும் அவர்களுடைய துடைப்பங்களின் முன் மறைகின்றன. நகரம் கண் விழிக்கும்போது வீதி தூய்மையாக இருக்கிறது, துடைத்தவர்களைக் காணோம். முதற் கூட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. இரண்டாவது கூட்டத்தின் வரலாற்றைச் சிறிதேனும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாகவே கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. கோப்பிப் பயிர் மலைநாட்டின் செல்வமாக விளங்கிய காலம் அது. 1867இல் இருப்புப் பாதை கண்டியை எட்டியது. வணிகரும் துரைமாரும் உத்தியோகத்தரும் திரண்ட நகரத்துக்கு நீரும் விளக்கும் வடிகாலும் வேண்டியிருந்தன. அவற்றினும் முதன்மையாக, நாள்தோறும் சேரும் குப்பையையும் மலத்தையும் அகற்றும் கைகள் வேண்டியிருந்தன. நீர்க்குழாய்க் கழிவறைகள் பரவாத அக்காலத்தில், வாளிகளில் நிறைந்த மலத்தை மனிதரே சுமந்து சென்றனர்.

அக்கைகள் எங்கிருந்து வந்தன? தென்னிந்தியாவின் வறண்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தன. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய்க் கோப்பித் தோட்டங்களை அடைந்த மக்களின் கதையை நாம் அறிவோம். தோட்டத்துக்கு ஆள் திரட்டித் தந்த அதே வறுமையும் அதே சாதியமைப்புமே நகரத்துக்கும் ஆள் திரட்டித் தந்தன. ஊரில் எவரைச் சேரிக்குள் ஒதுக்கினரோ, அவரையே இங்கு வெள்ளையர் நிருவாகம் துப்புரவு வேலைக்குப் பொருத்தமானவராகக் கண்டது. பழைய இழிவுக்குப் புதிய ஆட்சி சம்பளப் பட்டியலில் இடமளித்தது, அவ்வளவே வேற்றுமை.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ள மகியாவை இம்மக்களின் குடியிருப்பாயிற்று. நகரத்தின் பொது மயானமும் அப்பகுதியிலேயே இருக்கிறது. நகரம் தன் கண்ணிற்கு அப்பால் வைக்க விரும்பியவற்றை ஒரே திசைக்கு அனுப்பியது போலும்! வரிசை வரிசையான சிற்றறைகள் சபையின் உடைமை. குடியிருப்பவர் சபையின் தொழிலாளர். வேலையோடு வீடு பிணைந்திருக்கும் இத்தகைய ஏற்பாட்டில் தந்தை ஓய்ந்ததும் மகன் துடைப்பத்தை ஏந்தாவிட்டால் தலைக்கு மேலுள்ள கூரையும் ஐயத்துக்குள்ளாகிறது. மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய 'தோட்டியின் மகன்' ஆலப்புழை நகரத்துத் தோட்டிகளின் மூன்று தலைமுறைக் கதை. அந்நாவலை மகியாவையில் வாழ்பவர் படிப்பாராயின், அதை அயலூர்க் கதை என்று கொள்ளமாட்டார்.

தொழிலின் இழிவைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். தொழில் ஒப்பந்தத்தின் தன்மையைப் பற்றிப் பேசியது குறைவு. 'நாட்கூலி' என்ற சொல்லைச் சற்று ஆராய்வோம். இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்கு இல்லாமலும் போகலாம் என்பது அதன் பொருள். ஆனால் குப்பை சேராத நாள் ஒன்று நகரத்துக்கு உண்டா? வேலை நிரந்தரமானது, அதைச் செய்யும் மனிதன் மட்டும் தற்காலிகமானவன். ஓய்வூதியம் நிரந்தரப் பதவி என்னும் கொழுகொம்பைப் பற்றிப் படர்வது. கொம்பை நாட்ட மறுத்தவர், கொடி படரவில்லையே என்று தொழிலாளியையே குறை கூறுவது விந்தையன்றோ?

இச்சொல்லின் கொடுமை 1939இல் வெளிப்பட்டது. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இலங்கையரல்லாதாரை வேலையிலிருந்து நீக்க அரசு முடிவு செய்தது. வேலையின்மையால் வாடிய சிங்களத் தொழிலாளியின் கோபம் முதலாளியின் மீது பாயாமல் இந்தியத் தொழிலாளியின் மீது திருப்பப்பட்டது. 1920களில் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவே 1930களில் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகக் குரல் எழுப்பினார் என்பது நம் இயக்க வரலாற்றின் கசப்பான பாடம். அவ்வாண்டு யூலையில் நேரு இலங்கைக்கு வந்தார். பேச்சு பயன் தரவில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. தொழிலாளர் இங்கு வருவதற்கு இந்தியா தடை விதித்தது. அந்த ஆணை திணைக்களங்களைப் பற்றியது. ஆயினும் அதன் தருக்கம் நகர சபைத் தொழிலாளிக்கும் விளங்கியிருக்கும். இருபது ஆண்டுகள் உழைத்தாலும் நாட்கூலியாளன் ஒவ்வொரு காலையும் புதிதாய் வந்தவனே.

உள்ளூராட்சி ஊழியர்க்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு எழாமல் இல்லை. 1945ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உள்ளூராட்சிச் சேவையையும் அதற்கான ஆணைக்குழுவையும் அமைத்தது. உறுப்பினர் ஒருவரின் விருப்பு வெறுப்புக்கேற்ப அலுவலர் அலைக்கழிக்கப்படாதிருக்க இது ஒரு வேலி. முற்போக்கான சீர்திருத்தமே. ஆனால் மூன்றாண்டுகளுக்குள் வேறொரு வேலி எழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டங்களும் இந்திய வம்சாவளித் தொழிலாளரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கின. வாக்காளர் பட்டியலிலிருந்து அவர்தம் பெயர்களை அகற்றின. இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தும் பயனில்லை. நகரத்தைத் துடைப்பவனுக்கு நகரத்தை ஆள்வோரைத் தெரிவு செய்யும் உரிமை இல்லாது போயிற்று. வாக்கில்லாத தொழிலாளியின் ஓய்வூதியத்துக்காக எந்த வேட்பாளர் வாதாடுவார்?

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரிடம் கேட்காமல் மனிதரை எண்ணிய கணக்கு அது. நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே முடிவு தேடியது. சுதந்திரத்துக்குப் பின் 55 ஆண்டுகள்! இரண்டு தலைமுறையினரின் உழைப்புக் காலம் அதற்குள் கழிந்துவிட்டது.

குடியுரிமை கிடைத்ததும் நாட்கூலி ஒழிந்ததா? ஒழியவில்லை. 2014இல் வெளிவந்த 25ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, தற்காலிக, அமைய, பதிலாள் ஊழியருக்கு நிரந்தர நியமனம் வழங்க வழி செய்தது. பலர் வாழ்வில் விளக்கேற்றிய ஏற்பாடு அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இத்தகைய சுற்றறிக்கை தேவைப்பட்டதே, நிரந்தர வேலைக்குத் தற்காலிக ஆளைச் சேர்க்கும் பழைய வழக்கம் மறையவில்லை என்பதற்குச் சான்றாகும். சபையிடம் பணம் இல்லை என்பர். வருவாய் குறைவு என்பது மெய்யாகலாம். அக்குறையை ஈடுசெய்யும் கடமை மிகக் குறைந்த ஊதியம் பெறுபவனின் முதுமைக்கு மட்டும் உரியதா? ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது, நல்லதே. அது கையில் ஒரு தொகையைத் தந்து வழியனுப்புகிறது. ஓய்வூதியமோ உயிருள்ளவரை உடன் வருகிறது. அதன்பின் துணைவியையும் தாங்குகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரம், தொழிலாளிக்கும் உத்தியோகத்தருக்கும் நடுவே சமூகம் வகுத்த தூரமேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன், தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மாநகர சபை ஊழியர்' என்று எழுதினான். எந்தப் பிரிவில் என்று சிந்தனையின்றிக் கேட்டுவிட்டேன். அவன் தலைகுனிந்தான். எழுதுவினைஞரின் மகன் அவ்வாறு தலைகுனிந்திருக்கமாட்டான். அன்று தவறு செய்தவன் நானே. ஆனால் அவனுடைய நாணத்தை நான் உண்டாக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டாக நகரம் அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்திருந்தது.

ஆசிரியராகிய நாம் மலையக வரலாறு என்றதும் தேயிலைத் தோட்டத்தையே கற்பிக்கிறோம். நகரத்தின் நடுவே வாழும் இம்மக்களையும் அவ்வரலாற்றில் சேர்த்தல் வேண்டும். நிரந்தர நியமனமும் ஓய்வூதியமும் வேலையோடு பிணைக்கப்படாத வீடும் சபை மனமிரங்கி வழங்கும் சலுகைகள் அல்ல. ஏற்கனவே செய்து முடிக்கப்பட்ட வேலைக்கு இன்னும் தீர்க்கப்படாத கடன். அந்தக் கடனை மாணவருக்கு எடுத்துரைப்பது நம்மால் இயலும். தந்தையின் தொழிலை மாணவன் தலைநிமிர்ந்து எழுதும் நாள், கடன் தீர்க்கப்படும் நாளோடுதான் வரும்.