பின்னமும் சமப்பங்கீடும்

பின்னம் என்பது ஒரு முழு எண்ணைப் பூச்சியமல்லாத இன்னொரு முழு எண்ணால் வகுக்கும்போது கிடைக்கும் ஈவு. மூன்று தோசையை நான்கு பேர் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு முக்கால் தோசை. 3 ÷ 4, 3/4 இரண்டும் ஒரே எண். பின்னத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. வட்டத்தை நான்காகக் கோடிட்டு மூன்றுக்கு வண்ணம் தீட்டும் வழக்கமான பாடத்தில் மாணவர் காண்பது 3, 4 என்ற இரண்டு எண்ணிக்கைகளையே. அவை சேர்ந்து ஓர் அளவாவதில்லை. எட்டு ஆறைவிடப் பெரிது, ஆகவே 1/6ஐவிட 1/8 பெரிது என்ற பிழை அங்கேதான் பிறக்கிறது. நான்கு துண்டில் ஐந்தை எப்படி எடுப்பது என்று 5/4இன் முன் திகைப்பதும் அதனால்தான். பந்தியில் ஆள் கூடினால் பங்கு குறையும் என்பதோ பள்ளிக்கு வருமுன்பே குழந்தைக்குத் தெரியும். ஐந்து தோசையை நால்வருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒன்றேகால் என்பதிலும் அதற்குச் சிக்கல் இல்லை.

பின்னத்தின் வரலாறும் பங்கீட்டோடு பிணைந்தது. ஏறத்தாழ கி.மு. 1550ஐச் சேர்ந்த ரைண்டு பாப்பிரசுச் சுருளில் எகிப்திய எழுத்தர் ஆமோசு, 10 பேருக்கு ரொட்டி பங்கிடும் கணக்குகளைத் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார். 6 ரொட்டிக்கு விடை அரையும் பத்தில் ஒன்றும்: ஐந்து ரொட்டியைப் பாதியாக்கினால் எல்லோருக்கும் அரை, எஞ்சிய ஒன்றைப் பத்தாக்கினால் ஆளுக்கொரு துண்டு. கத்தி எங்கே விழ வேண்டும் என்பது விடையிலேயே இருக்கிறது. தமிழில் வழங்கும் ‘பின்னம்’ உடைந்தது என்று பொருள்படும் வடசொல்; உடைந்தவை சமமாக இருக்க வேண்டியதில்லை. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்னும் பேச்சு வழக்கும், பகுத்தலிலிருந்து வந்த ‘பகுதி’ என்னும் கலைச்சொல்லும் இன்னும் துல்லியமானவை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்பாட்டு நூல் வழியே மனப்பாடமான கீழ்வாய் இலக்கங்களும், அதாவது ஒன்றுக்குக் குறைந்த அளவுகளின் பெயர்களும், பங்கீட்டின் படிகளே: கால், அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி மாகாணி. மா 1/20, காணி 1/80; கூட்டினால் 1/16. மாகாணி என்ற பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது.

அரை ஆளுக்குப் பங்கிட முடியுமா, 3 ÷ 1/2 என்னவாகும் என்று பின்னத்தைப் பங்கீட்டிலிருந்து தொடங்குவதை மறுப்பவர் கேட்பர். கேள்வி சரியானது, அங்கே பங்கீடு மட்டும் போதாது. ஆனால் பங்கிட்டுப் பெற்ற அரையே அளவையாகிவிடுகிறது: மூன்று படி அரிசியை அரைப்படியால் அளந்தால் ஆறு முறை. வகுத்தலின் மறுமுகம் இந்த அளத்தல். வெட்டவே முடியாத பங்குகளுக்கு என்ன செய்வது என்பது இதனினும் வலுவான மறுப்பு. ஒன்றை மூவருக்குப் பங்கிடக் கீழ்வாய் இலக்கத்தில் முயன்றால் ஆளுக்கு 106 முந்திரி. ஒரு முந்திரி 1/320 என்பதால் இரண்டு மிஞ்சும். முந்திரியிலும் 320இல் ஒன்றான கீழ்முந்திரிக்கு இறங்கினால் ஆளுக்கு மேலும் 213. அப்போதும் ஒரு கீழ்முந்திரி எஞ்சும். 320இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே ஆதலால் எத்தனை முறை இறங்கினாலும் இந்த எச்சம் தீராது. குறை துண்டுகளின் பெயர்களில்தான். மூவரின் பங்கு சமம் என்பதில் ஐயமே இல்லை. 1/3 என்ற குறியீடு துண்டுக்குப் பெயர் தேடாமல், அந்த வகுத்தலையே எண்ணாக எழுதிவிடுகிறது.