நிமோனியாவும் ஆஸ்துமாவும்: கம்ப்யூட்டர் போட்ட தப்புக் கணக்கு

1/ போன வாரம் ஓபியில ஒரு அக்கா. மூணு நாளா காய்ச்சல், இருமல். பல வருஷமா ஆஸ்துமா. "ஏஐ-கிட்ட கேட்டேன் டாக்டர், வீட்லயே பாத்துக்கலாம்னு சொல்லுச்சு. பொண்ணுதான் இழுத்துட்டு வந்தா." ஆக்சிஜன் 90. உடனே அட்மிஷன். அப்போ ஞாபகம் வந்த பழைய கதை இது.

2/ 1970-கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் 'மைசின்' என்ற புரோகிராமை உருவாக்கினார். ரத்தத்தில் கிருமித் தொற்று, மூளைக்காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாட்டிக் என்று சொல்லும். "ஏன்?" என்று கேட்டால், எந்த விதிப்படி சொல்கிறது என்றும் காட்டும்.

3/ 1979-ல் வெளியான ஆய்வில் 10 மூளைக்காய்ச்சல் கேஸ்கள். யாருடைய பதில் என்று சொல்லாமல் நிபுணர்களிடம் மார்க் போடச் சொன்னார்கள். மைசினுக்கு 65%. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள்கூட அதைத் தாண்டவில்லை. ஆனாலும் அது வார்டுக்கு வரவே இல்லை. தப்பானால் யார் பொறுப்பு? அதற்குப் பதில் இல்லை.

4/ 1990-கள், அமெரிக்கா. நிமோனியா நோயாளிகளில் யாரை அட்மிட் பண்ணணும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம்? பழைய நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். ரிச் கருவானா பயிற்சி கொடுத்த நியூரல் நெட்வொர்க் மிகத் துல்லியம். ஆனால் எப்படிக் கணிக்குதுன்னு உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

5/ அதே விவரங்களில் ஓடிய இன்னொரு எளிய புரோகிராம், தான் கற்ற விதிகளை வெளியே காட்டியது. அதில் ஒன்று: 'ஆஸ்துமா இருந்தால், நிமோனியாவில் இறக்கும் ஆபத்து குறைவு.'

6/ எந்த ஹவுஸ் சர்ஜனும் இதை ஒத்துக்க மாட்டார். ஆனா டேட்டா பொய் சொல்லல. ஆஸ்துமா உள்ளவர்களை அந்த மருத்துவமனைகளில் நேரா ஐசியூவுக்கே கொண்டு போனார்கள். தீவிர சிகிச்சை கிடைத்தது, பிழைத்தார்கள். அந்த சிகிச்சையின் பலனை கம்ப்யூட்டர் ஆஸ்துமா கணக்கில் எழுதிவிட்டது.

7/ ஆஸ்துமாவை மட்டும் திருத்திட்டா போதாதா? கருவானாவின் கவலை வேற: இது கண்ணில் பட்ட தப்பு. படாமல் உள்ளே எத்தனை இருக்கோ? அந்த நெட்வொர்க்கை நோயாளிகளிடம் பயன்படுத்தவில்லை.

8/ இன்றைய ஏஐ-யிடம் "ஏன்?" என்று கேட்டால் அழகா விளக்கும். சில நேரம் இல்லாத ஆய்வுக் கட்டுரையைக்கூட தலைப்பு, வருஷத்தோட தரும். ரிப்போர்ட்ல உள்ள வார்த்தை புரியலையா, டாக்டரிடம் என்ன கேட்கலாம்னு தெரியலையா, தாராளமா கேளுங்க. அது காட்டும் கட்டுரை நிஜமா இருக்கான்னு தேடிப் பாருங்க. மூச்சு வாங்குதா? டைப் பண்ணாதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

9/ அக்கா நேத்து டிஸ்சார்ஜ். பொண்ணுக்குத்தான் நன்றி சொல்லணும்.